உஷார்! பத்துப் பொருத்தமும் பொருந்துகிற பழைய கார்

பழைய கார் வாங்குகிற யோசனையில் இருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

முன்பெல்லாம் புரோக்கர் சொல்வது ஒரே வரிதான். "டாக்டர் வீட்டு வண்டி சார், ஒரே கை." இப்போது வித்தை மாறிவிட்டது. பானெட்டைத் தூக்குகிறார். செல்போன் டார்ச்சை டைனமோ மேல் அடிக்கிறார். இரும்பில் '2 66' என்று பதிந்திருக்கிறது. அப்படியே கட்டவுட், செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் என்று வரிசையாகக் காட்டுகிறார். எல்லாவற்றிலும் 66. "வண்டியும் 66 மாடல். கம்பெனியில மாட்டினது ஒண்ணுகூட மாறல சார். அப்படியே ஒரிஜினல்!" கேட்கிறவருக்குப் புல்லரித்துப் போகிறது. அதுவரை பேசிய விலைக்கு மேல் இன்னும் ஒன்றரை லட்சம் கேட்டாலும் நியாயம் என்றே தோன்றுகிறது.

தோன்றக்கூடாது. அந்த எண் அந்தப் பாகம் எப்போது செய்யப்பட்டது என்று சொல்கிறது. இந்தக் காருக்குள் அது எப்போது வந்தது என்று சொல்லவே சொல்லாது. 1966-இல் செய்த டைனமோவைப் போன மாதம் சென்னை புதுப்பேட்டையிலோ மதுரைப் பழைய இரும்புக் கடையிலோ பொறுக்கிக்கொண்டு வந்து மாட்டலாம். கண்டம் பண்ணிய மூன்று வண்டிகளைப் பிரித்து ஒரு 'ஒரிஜினல்' வண்டி கட்டலாம். அதுவும் முடியாவிட்டால் எண்ணையே புதிதாக அடிக்கலாம். நம்பர் பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாமான்தானே.

பத்துப் பொருத்தமும் அப்படியே பொருந்துகிறது என்று தரகர் ஒரு ஜாதகத்தை நீட்டினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதினார்களோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். காரிலும் அதே சந்தேகம் வேண்டும். ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டியில் எல்லாத் தேதியும் ஒரே மாதத்தைக் காட்டுகிறதென்றால், அதை யாரோ உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்கள்.

தொழிற்சாலைக்காரர்கள் தேதி அடித்தது நமக்காக இல்லை. வாரண்டியில் திரும்பி வரும் சரக்கு எந்தக் காலத்தில் செய்தது, எந்தத் தொகுதியில் கோளாறு என்று அவர்கள் தெரிந்துகொள்ள அடித்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் அதிகம் கண்ணில் படுவது லூகாஸ் முத்திரை. டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் மாடல் பெயர், ஐந்து இலக்கப் பாக எண், அதை ஒட்டித் தேதி என்று இருக்கும். பழைய வழக்கம் மாதமும் ஆண்டும். பிற்பாடு வாரமும் ஆண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் எண் 12-ஐத் தாண்டினால் அது வாரம் என்பது நிச்சயம். '8 66' என்றால் ஆகஸ்டா, எட்டாவது வாரமா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து மற்ற பாகங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். புரோக்கர் எந்தப் பக்கம் தனக்கு வசதியோ அந்தப் பக்கம் படித்துக் காட்டுவார்.

இன்னொன்று. டைனமோவில் அந்த முத்திரை இருப்பது வெளி உருளையில். உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரில் இல்லை. நம் ஊரில் டைனமோ எரிந்தால் யார் புதிது வாங்கினார்கள்? காயில் கட்டினார்கள், புஷ் மாற்றினார்கள், ஆர்மேச்சரை வேறொன்றிலிருந்து எடுத்துப் போட்டார்கள். மெக்கானிக் கடை மேஜையில் நான்கு டைனமோக்கள் பிரிந்து கிடக்கும்போது எந்த உருளை எந்த வண்டிக்குத் திரும்பப் போனது என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஆகவே முத்திரை அசலாகவே இருந்தாலும் அது உறுதி சொல்வது ஒரு இரும்பு உருளைக்கு மட்டும்தான். முழு டைனமோவுக்குக்கூட இல்லை.

சரி, இதெல்லாம் உலகம் முழுக்க உள்ள தொல்லை. நமக்கென்று தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. அதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

'மேட் இன் இங்கிலாந்து' என்ற எழுத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு மயக்கம். அந்த எழுத்தும் சரியான ஆண்டும் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் கேள்வியே கேட்பதில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் ஆசையோடு தேடுகிற ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961-இலிருந்து கட்டிய கார் அது. ஆரம்பத்தில் பாகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. ஆனால் அதே வருடங்களில் சென்னை பாடியில் என்ன நடந்தது? 1960-இல் வீல்ஸ் இந்தியா. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. வெளிநாட்டுச் செலாவணிக்குத் தட்டுப்பாடு, இறக்குமதிக்கு லைசென்ஸ், உள்நாட்டிலேயே செய் என்று அரசாங்கம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். வருடத்துக்கு வருடம் இங்கிலாந்துப் பாகம் குறைந்து, பாடிப் பாகம் ஏறிக்கொண்டே வந்தது.

இப்போது யோசியுங்கள். 1969-இல் வண்டலூரிலிருந்து வெளிவந்த ஹெரால்டில் 1969 தேதியிட்ட இங்கிலாந்து லூகாஸ் டைனமோ இருந்தால் அது பெருமையா, சந்தேகமா? என்னைக் கேட்டால் சந்தேகம். அந்த வண்டிக்கு முறைப்படி இருக்க வேண்டியது லூகாஸ் டி.வி.எஸ். எழுத்து. இங்கிலாந்தில் பழைய பாகம் விற்கிறவர்களிடம் ஆன்லைனில் ஆர்டர் போட்டு, தேதி பார்த்து வரவழைத்து மாட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். பாகம் நல்ல பாகம்தான், ஓடவும் ஓடும். ஆனால் 'கம்பெனி மாட்டினது' என்று அதற்கு விலை கேட்டால் கொடுக்கக்கூடாது. அம்பாசடரிலும் இதே கூத்துதான். உத்தர்பாராவிலிருந்து வந்த வண்டிக்கு ஆக்ஸ்போர்டு பாகம் மாட்டி 'அசல்' என்கிறார்கள்.

ஹெரால்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது, விற்கிறவனுக்கு. அது தனிச் சேசிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய கார். முன்பக்கம் பானெட்டும் மடக்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாகத் திறக்கும். ஒரு வண்டியின் முன்பக்கத்தை இன்னொன்றின் பின்பக்கத்தோடு சேர்க்கப் பெரிய பட்டறை வேண்டாம், ஒரு ஸ்பானர் செட் போதும். இங்கிலாந்தில் 1961-இலேயே எஞ்சினை 1147 சிசி ஆக்கிவிட்டார்கள். நம்மூர் ஹெரால்டில் கடைசி வரை 948 சிசிதான். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கே உரியது, இங்கிலாந்தில் கிடையாது. நான்கு கதவு வண்டியில் இங்கிலாந்தின் 1147 எஞ்சின் உட்கார்ந்துகொண்டு, அதன் தேதியும் வண்டியின் தேதியும் கச்சிதமாகப் பொருந்தினால், கையைக் கூப்பிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்படியானால் தேதியைப் பார்த்துப் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. ஒரு பாகத்தை உள்ளே சேர்ப்பதைவிட வெளியே தள்ளத்தான் தேதி நன்றாக உதவும். கார் 1966 ஜூனில் கட்டப்பட்டது என்றால் 1966 செப்டம்பர் டைனமோ கம்பெனி மாட்டியதாக இருக்கவே முடியாது. தீர்ந்தது விவகாரம். முந்தைய தேதி என்றால் 'இருக்கலாம்' என்ற அளவுக்குத்தான் போக முடியும். அமெரிக்கக் கார்க்காரர்கள் சில வாரங்களில் இருந்து ஆறு மாதம் வரை முந்தைய தேதியைப் பொதுவாக ஏற்கிறார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தில் கட்டிய நம் வண்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். ஒரு பாகம் கிடங்கில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கும், இன்னொன்று வராமல் லைன் நின்றிருக்கும்.

ஆகவே நேர்மையான வண்டியில் தேதிகள் சிதறித்தான் இருக்கும். டைனமோ நான்கு மாதம் முந்தையது. செல்ஃப் மோட்டார் ஒரு மாதம் முந்தையது. கட்டவுட் என்றைக்கோ எரிந்துபோய் ஆறு வருடம் கழித்து மாற்றியது. இந்தச் சிதறலைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. 'கட்டவுட் மட்டும் 72 சார், அப்பா காலத்துல மாத்தினது' என்று விற்கிறவரே சொன்னால் அவர் சொல்லும் மற்றதையும் கொஞ்சம் நம்பலாம்.

ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் மட்டும் என்றால் கூடுதல் கவனம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதி பல இடங்களில் ஒரு எழுத்து, ஒரு நாள், ஒரு ஆண்டு இலக்கம் என்று வரும். 'சி 14 0' என்றால் மார்ச் 14. ஆண்டு? பூஜ்யத்தில் முடிகிற எந்த ஆண்டும். 1928-இலிருந்து 1954 வரை ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார் பூட்டிக்கொடுத்தது. அந்தச் செவர்லே வண்டிகள் நம் பக்கத்து மில் முதலாளி வீடுகளிலும் ஓடியிருக்கின்றன. 1940-ஆ, 1950-ஆ என்று பிளாக்கின் பாக எண்ணையும் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளின் ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியிலும் இதே கதை. முத்திரையில் உள்ள எழுத்துகளின் அருகே ஒரு குட்டிப் புள்ளி. அது எந்த எழுத்தை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கண்டுபிடிப்பார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே புள்ளி அதே இடத்துக்கு வந்துவிடும்.

இனி, அடித்த எண் அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? திண்டுக்கல்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இரும்பை ராவி, துளைத்து, எண்ணும் பெயரும் கையால் பதித்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார் மெக்கானிக் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு பூட்டுப் பட்டறைப் பெரியவரிடம் ஒரு டைனமோவைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தேதியைப் படிக்கவே இல்லை. லென்ஸை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எழுத்து அடிச்சப்புறம் பூச்சா, பூச்சுக்கு அப்புறம் எழுத்தா?"

அதுதான் விஷயம். தொழிற்சாலையில் எண் அடித்த பிறகு பூச்சு அடித்திருந்தால் பள்ளத்துக்குள்ளும் அந்தப் பூச்சு இறங்கியிருக்கும். பிற்பாடு அடித்த எண் பூச்சைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். ஓரத்தில் உலோகம் வரப்பு மாதிரி பிதுங்கி நிற்கும். நகத்தால் தடவினாலே நெருடும். அந்தப் பிசிறை எமரி போட்டுத் தேய்த்தால் சுற்றிலும் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். பளபளப்பை மறைக்க ஆசிட் வைப்பார்கள், உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அப்போது துரு எண்ணைச் சுற்றி மட்டும் ஒரே நிறத்தில், ஒரே வயதில் படரும். ஐம்பது வருடத் துரு அப்படி இருக்காது. ஒரு இடத்தில் கறுப்பு, ஒரு இடத்தில் செம்மை, எண்ணெய் பட்ட இடத்தில் துருவே இல்லை என்று திட்டுத்திட்டாக இருக்கும். பெரியவர் அந்த டைனமோவைத் திருப்பி, கிளாம்ப் பிடிக்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே அரை அங்குல அகலத்தில் தழும்பு. பிறகு வண்டியிலிருந்து கழற்றிய கிளாம்பை வைத்துப் பார்த்தார். கிளாம்பின் அகலம் முக்கால் அங்குலம். "இது வேற வூட்டுல குடியிருந்தது தம்பி" என்றார். தேதி என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எண் கோணலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போலி என்று கத்திவிடாதீர்கள். பழைய தொழிற்சாலைகளில் எத்தனையோ எண்களைக் கையால்தான் அடித்தார்கள். சனிக்கிழமை மாலை அடித்தவன் கை கொஞ்சம் ஆடியிருக்கும். கோணலைவிட அடித்தளம்தான் முக்கியம். எண் இருக்கும் இடத்தில் உலோகம் சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா? கிரைண்டர் வட்டம் போட்ட தடம் தெரிகிறதா? அமெரிக்க எஞ்சின்களில் எண் அடிக்கிற மேடையைச் சீவிய இயந்திரம் மெல்லிய இணைகோடுகளை விட்டுவைத்திருக்கும். பழைய எண்ணை அழித்தால் அந்தக் கோடுகளும் சேர்ந்து போய்விடும். கார்வெட் கார்களைப் போட்டியில் மதிப்பிடுகிறவர்கள் எண்ணைப் படிக்கும் முன் அந்தக் கோடுகளைத்தான் தேடுவார்கள். 1974-இலிருந்து அதற்கென்றே அங்கே ஒரு சங்கம் இயங்குகிறது. அத்தனை பேர் கவனித்தும் அங்கே போலி ஓயவில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டைனமோ தேதியில் ஏமாந்தால் பணம்தான் போகும். சேசிஸ் எண்ணிலோ எஞ்சின் எண்ணிலோ ஏமாந்தால் போலீஸ் ஸ்டேஷன் வரை போக நேரும். இதை அழுத்திச் சொல்கிறேன். "சேசிஸ் நம்பர் மங்கிப்போச்சு சார், நம்ம பையன் தெளிவா பஞ்ச் பண்ணிடுவான்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். துருவில் அழிந்த எண்ணை மறுபடி அடிக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் அடித்த எண்ணைப் பார்க்கிற எந்த அதிகாரியும் முதலில் திருட்டு வண்டி என்றுதான் நினைப்பார். எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது அதுதான். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். எண் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பழைய இலக்கத்தின் நிழல் சில சமயம் பென்சிலில் ஏறிவிடும். பிரிண்ட் எடுக்க வேண்டாம் என்று தடுக்கிறவரிடம் வண்டியும் வேண்டாம்.

இப்போது மட்டும் ஏன் இந்தத் தேதிப் பைத்தியம் என்று கேட்கலாம். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து ஆண்டு செல்லும். புதிதாகப் பதிகிற வண்டிக்கு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். ஆனால் 'அசல்' என்ற சொல் சட்டத்துக்குள் வந்த பிறகு அசலைத் தயாரிக்கிற ஆசையும் கூடவே வராதா? 1979 வண்டிக்கு 1973 பாகங்களை மாட்டி வயது ஏற்றிக் காட்ட நினைக்கிறவன் இருப்பான். அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று. அந்த விதியில் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று போகலாம். 'வி.ஏ. நம்பர் வாங்கிட்டா கல்யாண வாடகைக்கு விட்டே போட்ட காசை எடுத்துடலாம்' என்று சொல்லி விற்கிறவர்களை நம்பி, முகூர்த்த மாதக் கணக்கு போட்டு வாங்கிவிடாதீர்கள்.

இரும்பைவிடக் காகிதத்தில் பொய் சீக்கிரம் மாட்டும். வண்டியோடு பழைய பில், இன்சூரன்ஸ், சர்வீஸ் அட்டை என்று ஒரு கட்டு கொடுப்பார்கள். தேதியைப் பார்க்காதீர்கள், மற்றதைப் படியுங்கள். 1966 என்று போட்ட பில்லில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் 624001 என்று பின்கோடு இருக்கிறதா? பின்கோடு நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-இல். 'தமிழ்நாடு' என்று அச்சடித்திருக்கிறதா? மெட்ராஸ் மாநிலத்துக்குச் சட்டப்படி அந்தப் பெயர் வந்தது 1969 ஜனவரி 14. 'திண்டுக்கல் மாவட்டம்' என்றிருந்தால் சிரித்துவிட்டு எழுந்துவிடலாம். 1985 செப்டம்பர் 15 வரை நாம் எல்லாரும் மதுரை மாவட்டம். அதேபோல் 'பிறந்ததிலிருந்து திண்டுக்கல் வண்டி' என்பவர் காட்டும் பழைய ஆர்.சி. புத்தகத்தில் பழைய மூன்றெழுத்து எண் இருக்க வேண்டும். டி.என். 57 எல்லாம் 1989-இல் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலான பிறகு வந்த வரிசை. டேஷ்போர்டிலும் இதே கணக்குதான். கோயம்புத்தூர் பிரைக்கால் மீட்டர் வந்தது 1970-களின் நடுவில். 1967 வண்டியில் அது 'கம்பெனி மீட்டர்' ஆகாது.

மண்ணும் சாட்சி சொல்லும். நம் சமவெளி வறண்ட நாடு, தகரத்துக்கு நல்லது. இங்கேயே கிடந்த வண்டியின் சேசிஸ் பெட்டிக்குள் கையை விட்டால் காய்ந்த செம்மண் கட்டியாக வரும். தளம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். வேடசந்தூர்த் தோட்டத்திலேயே நின்ற வண்டி என்று சொல்லிவிட்டு, தளத்தில் கடற்கரை வண்டி மாதிரி ஓட்டை ஓட்டையாகத் துரு, அதன் மேல் பட்டி, அதன் மேல் புது ரெட் ஆக்சைடு என்று இருந்தால் கதையில் எங்கோ ஒரு ஊர் விடுபட்டிருக்கிறது.

பாகங்கள் மாறினால் வண்டி அசல் இல்லையா என்ற கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார். ஒரு கோடி பவுண்டு விலை பேசி முடித்த பிறகு, இதில் பந்தயத்தில் ஓடிய பாகம் எவ்வளவு மிச்சம் என்று வாங்கியவர் தரப்பு தகராறு எழுப்பியது. பெரும்பாலான பாகங்கள் மாறியிருந்தன. 1990-இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்புச் சொன்னார்: அந்தக் காருக்கு அறுபடாத வரலாறு இருக்கிறது, படிப்படியாக மாறி வந்தாலும் அதுதான் இது. அங்கே வழக்கை வென்று கொடுத்தது எந்தப் பாகத்தின் முத்திரையும் இல்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது, எப்போது எது மாறியது என்ற தொடர்ச்சிதான். ஆகவே புரோக்கரிடம் தேதிப் பட்டியல் கேட்பதைவிட, பழைய ஓனர் வீட்டுக் கல்யாண ஆல்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலில் வண்டி நிற்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பத்து முத்திரைக்குச் சமம். நம்பர் பிளேட், பம்பர், விளக்கு, கண்ணாடி எல்லாம் அதில் இருக்கும்.

தேதி மோகம் உயிருக்கும் ஆபத்து. '66-லயே வந்த டயர் சார், அப்படியே வெச்சிருக்கோம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கண்காட்சியில் நிறுத்த வேண்டுமானால் இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டு நாலுவழிச்சாலையில் ஏறினால் வெயிலில் வெடித்துவிடும். ரப்பருக்கு வயது உண்டு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர் இவற்றில் பழைய தேதி இருந்தால் கழற்றி டப்பாவில் போட்டு வையுங்கள், புதிதை மாட்டி ஓட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். நான்கு இலக்கம் இருந்தாலே 2000-இலோ அதற்குப் பிறகோ செய்த டயர். அதற்கு முன் மூன்று இலக்கம்தான்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். டிங்கரிங்குக்கு விடும் முன் ஒவ்வொரு முத்திரையையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். "மணல் அடிச்சு, பவுடர் கோட்டிங் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்ணே" என்பார்கள். ஆகும். ரிம்மில் இருக்கிற தேதியும் டைனமோவில் இருக்கிற தேதியும் அதோடு போய்விடும். போன பிறகு, அதே பட்டறையில் 'பழையபடி அடிச்சுத் தரேன்' என்று சொல்வார்கள். அடிக்க விடாதீர்கள். முத்திரை இல்லாத அசல் பாகத்துக்கு மதிப்புக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மறுபடி அடித்துவிட்டால் அதற்குப் பெயர் போலி, அது உங்கள் பெயரோடு சேர்ந்து போகும்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் முழுதாக மாட்டவில்லை. மீதிப் பணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண்ணோடு விடாமல், எந்தெந்தப் பாகம் கம்பெனி மாட்டியது என்று விற்கிறவர் வாயால் சொன்னாரோ அத்தனையையும், அதிலுள்ள தேதியோடு, ஒவ்வொரு வரியாக எழுதி அவர் கையெழுத்தைக் கேளுங்கள். ஆர்.சி. விவரம் பரிவாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா, பழைய புத்தகம் மட்டும்தானா என்று பாருங்கள். புத்தகம் மட்டும் என்றால் பேக்லாக் என்ட்ரி முடிகிற வரை மீதியை நிறுத்திவையுங்கள். வேறு மாவட்ட, வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கைக்கு வரட்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து ஆகட்டும். "நமக்குள்ள எதுக்கு சார் எழுத்தெல்லாம், வாய் வார்த்தை போதாதா?" என்று அவர் கேட்டால், போதும் என்று சொல்லுங்கள். ஆனால் வாய் வார்த்தைக்குச் சாதாரணப் பழைய காரின் விலைதான் என்று சொல்லி, அந்த ஒன்றரை லட்சத்தை அங்கேயே குறைத்துக் கேளுங்கள்.